வங்கக் கடலை ஏழை என்று சொல்வதற்கு முன்

"வங்கக் கடல் ஏழைக் கடல்" என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். கருத்தரங்குகளில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். அண்மையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. சொன்னவர் மீன்வளம் படித்தவர், விவரம் தெரிந்தவர். அரபிக்கடல் மத்தியும் கானாங்கெளுத்தியும் அள்ளிக் கொடுக்கிறது, நம் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை, ஏனென்றால் வங்கக் கடலில் பிளாங்க்டனே, அதாவது நீரோடு மிதந்து போகிற நுண்ணிய உயிரிகளே, குறைவு என்றார். அவர் சொன்ன எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பருவம் பருவமாக அளந்து சராசரி எடுத்தால் அரபிக்கடலில்தான் மிதவை உயிரிகளின் உற்பத்தி அதிகம். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குச் சரிப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் ஊர்ப் பாசம் இல்லை. தஞ்சாவூர் வளமான பூமி, ராமநாதபுரம் வறண்ட பூமி என்று சொன்னால் அதில் அர்த்தம் இருக்கிறது. மண் நகராது, நெல்லும் முளைத்த இடத்திலேயே நின்று கதிர் விடும். கடலில் அப்படி எதுவும் நிற்பதில்லை. பயிர் நகர்கிறது, பயிருக்கான சத்து நகர்கிறது, மேய வருகிற உயிர்களும் நகர்கின்றன, இவை எல்லாவற்றையும் சுமக்கிற தண்ணீரும் நகர்கிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் பணக்காரன் என்றால், நாம் எதை அளந்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேலே நன்னீர், அடியில் சத்து

முதலில் ஏழை என்று சொல்பவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இந்த ஒரே விரிகுடாவில்தான் வந்து விழுகின்றன. போதாததற்கு மழையும் கொட்டுகிறது. வங்கக் கடலில் ஆவியாகிப் போகிற தண்ணீரைவிட மழையாலும் ஆற்றாலும் வந்து சேர்கிற தண்ணீர் அதிகம். அரபிக்கடலில் இது தலைகீழ். நன்னீர் எடை குறைந்தது, அதனால் உப்பு நீரோடு சட்டென்று கலக்காமல் மேலேயே பரவி நிற்கிறது. பாத்திரத்தின் மேல் மூடி போட்ட மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்துவிடுகிறது. அதே பருவத்தில் வங்கக் கடலிலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நன்னீர் அடுக்கை உடைக்க அந்தக் காற்றுக்கு வலு போதவில்லை. நைட்ரேட் முதலான சத்துகள் அடியிலேயே தங்கிவிடுகின்றன. வெயில் மேலே, உரம் கீழே. ஆறுகள் கொண்டுவருகிற சத்தோ பெரும்பாலும் முகத்துவாரங்களை ஒட்டியே செலவாகிவிடுகிறது. கூடவே வருகிற வண்டல், நீரைக் கலக்கி வெளிச்சத்தையும் தடுக்கிறது.

இதனால் வங்கக் கடலின் தாவர மிதவை உயிரிகள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. வெளிச்சம் மங்கி, ஆனால் முழுக்க அற்றுப்போகாத ஆழத்தில், கீழிருந்து சத்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், மெல்லிய ஓர் அடுக்காக வாழ்கின்றன. பல இடங்களில் பச்சையம் உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில் அல்ல, 40 மீட்டரிலிருந்து 70 மீட்டர் வரையான ஆழத்தில். செயற்கைக்கோளோ தெளிந்த கடலில்கூட மேலே உள்ள சில பத்து மீட்டர் நீரின் நிறத்தைத்தான் பார்க்கும். ஆகவே படத்தில் வங்கக் கடல் நீலமாகத் தெரிகிறது. அந்த நீலத்தை வெறுமை என்று படிப்பவர்கள், அடியில் ஓடுகிற ஒரு பச்சை அடுக்கைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, அந்த அடுக்கை மேலே தூக்கிவிடுவது எது? இங்கேதான் சுழல்கள் வருகின்றன. நாம் ஆற்றில் பார்க்கிற சுழல் அளவு இல்லை. 100 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர் அகலம் கொண்டவை, வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் உயிரோடு இருப்பவை, சுற்றிக்கொண்டே மெதுவாக மேற்கு நோக்கி நகர்பவை. சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டிப் போகிற தூரம் ஒரே சுழலுக்குள் அடங்கிவிடும், ஆனால் படகில் இருப்பவருக்கு அது சுற்றுவதே தெரியாது. பூமி சுழல்வதால் வடக்கு அரைக்கோளத்தில் நகர்கிற நீர் வலப்பக்கம் விலகும். நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென் 1893-இல் ஃபிராம் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு மிதந்தபோது, பனிப்பாளங்கள் காற்று அடிக்கிற திசையில் போகாமல் அதற்கு வலப்பக்கமாக விலகிப் போவதைக் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டு விளக்கம் தந்தவர் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன், 1905-இல். அதே வலப்பக்க விலகல்தான் நம் சுழல்களையும் ஆள்கிறது. இடஞ்சுழியாகச் சுற்றும் சுழலின் நடுவில் கடல் மட்டம் சற்றுத் தாழும், அடியிலிருக்கும் குளிர்நீர் அடுக்கு குவிந்து மேலெழும். வலஞ்சுழியாகச் சுற்றினால் நடுப்பகுதி புடைக்கும், குளிர்நீர் கீழே தள்ளப்படும். முன்னது சத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, பின்னது வெளிச்சத்திலிருந்து தூரமாக்குகிறது.

2001-இல் 'சாகர் கன்யா' ஆய்வுக் கப்பல் வங்கக் கடலுக்குள் போனபோது, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் பிரசன்ன குமாரும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட குளிர்மையச் சுழல்களை நேரடியாக அளந்தார்கள். 2004-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு. சுழல் அந்த நன்னீர் மூடியை உடைக்கவில்லை. மேலே உள்ள நீர் அப்படியேதான் இருந்தது, சத்தற்று. சுழல் செய்ததெல்லாம், அடியிலிருந்த சத்தை 20, 30 மீட்டர் ஆழம் வரை ஏற்றிவிட்டதுதான். அதற்கே உற்பத்தி இரண்டு மடங்கு அளவுக்குக் கூடியிருந்தது. மேலே இருந்து பார்த்தால் அதே நீலம், பத்திருபது ஆள் ஆழத்துக்குக் கீழே விருந்து நடந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு "ஏழைக் கடல்" என்ற சொல்லை எப்படிச் சுலபமாக ஏற்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டயாட்டம் போன்ற தாவர மிதவை உயிரிகள் வசதி வாய்த்தால் ஒரு நாளைக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். மூன்று நாளில் எட்டு மடங்கு, ஒரு வாரத்தில் 128 மடங்கு. சுழலின் ஆயுளோ வாரக் கணக்கு. அலை ஒன்று வந்து கலக்கிவிட்டுப் போனால் செல்லுக்கு அவகாசம் போதாது. பெருங்கடல் நீரோட்டம் மாறுவதற்கு ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்கவும் அதனால் முடியாது. சுழலின் ஆயுள் மட்டும் அதன் வாழ்க்கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெருகுவதற்கு நேரம் இருக்கிறது, பெருகியதை மேய வருகிற கோபிபாட்கள் என்ற சின்னஞ்சிறு விலங்கு மிதவை உயிரிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவும் நேரம் இருக்கிறது. ஆனால் கோபிபாட் பெருகும்போது பச்சை குறையும், அதைத் தின்று தீர்ப்பதே அவைதானே. ஆக மீன் வந்து சேர்கிற நாளில் படத்தில் பச்சை மங்கியிருக்கலாம். படம் பார்த்து ஏமாற்றம் அடைபவர்கள் இந்தக் கால இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூலை மாதத்துப் படம்

கடலின் நிறப் படங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. 1997-இல் சீவிஃப்ஸ் என்ற கடல்நிறம் பார்க்கும் கருவி வானுக்குப் போன பிறகுதான் கடலின் பச்சையம் உலகம் முழுக்கத் தொடர்ச்சியாகத் தெரிய ஆரம்பித்தது. 1999-இல் நம்முடைய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், பிறகு ஓஷன்சாட்-2, இப்போது 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-3 என்று வரிசையாக வந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேகம் மறைப்பதால் ஒரு நாள் படத்தில் பாதி ஓட்டையாக இருக்கும். எட்டு நாள் படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதோ உருவம் தெரியும்.

மொட்டைமாடிப் பேச்சுக்குப் பிறகு ஒரு ராத்திரி, பழைய ஜூலை மாதப் படங்களை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையின் தெற்குக் கரையில், காலி, மாத்தறைக்கு நேரே, அடர்ந்த பச்சை. அது எதிர்பார்த்ததுதான். அந்தப் பருவத்தில் காற்று கரைக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, மேல்நீர் வலப்பக்கம் விலகித் தெற்கே கடலுக்குள் போகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. கவனத்தை இழுத்தது அதற்கு அடுத்த பகுதி. அந்தப் பச்சை கரையோடு நிற்கவில்லை. தெவிநுவரை முனையைத் தாண்டி, ஒரு நாக்கு நீள்கிற மாதிரி கிழக்கே நீண்டு, அப்படியே வடக்கே வளைந்து வங்கக் கடலுக்குள் ஏறியிருந்தது. நான் அடுத்தடுத்த வாரங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாக்கின் நுனி நகர்ந்துகொண்டே போகிறது. ஓர் இடத்தில் முறுக்கிக்கொள்கிறது, மெலிகிறது, விளிம்பிலிருந்து ஓர் இழை பிரிந்து போகிறது.

அப்போதுதான் உறுத்தலுக்கு ஒரு வடிவம் கிடைத்தது. நாக்கின் நுனியில் தெரிகிற பச்சை அந்த இடத்தில் தொடங்கியதல்ல. அதற்கு வேண்டிய சத்து மாத்தறைக் கரையில் மேலே வந்தது, செல்கள் வழியில் பெருகின, நாம் பார்க்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இந்த இடம் வளமானது" என்று சொன்னால், அந்த இடத்துக்கு அது செய்யாத ஒன்றின் பெருமையைக் கொடுக்கிறோம். படம் இடத்தைக் காட்டவில்லை, ஒரு பயணத்தைக் காட்டுகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளுக்கு முன் அடியிலிருந்து ஏறியது, வழியில் என்ன தின்றது, எதனிடம் தின்னக் கொடுத்தது என்ற வரலாறு அந்தப் பச்சைக்குள் இருக்கிறது.

இந்த நாக்கைச் சுமந்து செல்வது தென்மேற்குப் பருவ நீரோட்டம். அரபிக்கடலின் நீரை அள்ளிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே சுற்றி வங்கக் கடலுக்குள் நுழைகிறது. அதன் இடப்பக்கத்தில், இலங்கைக்குக் கிழக்கே, ஒவ்வோர் ஆண்டும் மே மாத வாக்கில் ஓர் இடஞ்சுழிச் சுழல் உருவாகி, செப்டம்பர் வாக்கில் கலைகிறது. 1998-இல் வினயச்சந்திரன், யமகாதா என்ற இரு கடலியலாளர்கள் அதை விவரித்து 'இலங்கைக் குவிமாடம்' என்று பெயர் வைத்தார்கள். குளிர்நீர் அங்கே மாடம் மாதிரிக் குவிந்து மேலேறுவதால் அந்தப் பெயர். அந்த நீரோட்டமும் சுழலும் பச்சையத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை 2004-இல் வினயச்சந்திரனின் குழு எழுதியது. 2016 ஜூன், ஜூலையில் 'சிந்து சாதனா' கப்பலில் இதே பகுதிக்கு ஒரு பெரிய ஆய்வுப் பயணமும் போனார்கள். கவனியுங்கள், அரபிக்கடல் நீர் ஒவ்வோர் ஆண்டும் வங்கக் கடலுக்குள் வருகிறது. குளிர்காலத்தில் நீரோட்டம் திரும்பி, வங்கக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீர் அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது, ஒன்றைப் பணக்காரன் என்றும் இன்னொன்றை ஏழை என்றும் நிரந்தரமாகப் பட்டம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குளிர்மையச் சுழல் என்றால் நல்லது, வெதுவெதுப்பான மையம் கொண்ட சுழல் என்றால் கெட்டது என்ற சூத்திரத்தையும் இங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். அமெரிக்கக் கடலியலாளர் டட்லி செல்டனும் உடன் ஆய்ந்தவர்களும் 2011-இல் பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்கள். மேற்பரப்பில் நமக்குத் தெரிகிற பச்சைக் கோலங்களில் பெரும்பகுதி, சுழல் உள்ளே சத்தை ஏற்றியதால் வந்ததல்ல. சுழல் தன் விளிம்பில் நீரைச் சுற்றி இழுப்பதால் வந்தது. ஒரு பக்கம் பச்சை நீர், இன்னொரு பக்கம் நீல நீர் இருந்தால், சுழல் பச்சையை நீலத்துக்குள்ளும் நீலத்தைப் பச்சைக்குள்ளும் இழுத்துவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் லூவின் நீரோட்டத்தை ஒட்டி உருவாகும் வெதுவெதுப்பான மையம் கொண்ட சுழல்கள் சூத்திரப்படி வறண்டு கிடக்க வேண்டும். அங்கே நடப்பது வேறு. அவை பிறக்கும்போதே கரையோரத்துச் சத்தான நீரையும் அதிலிருக்கும் உயிர்களையும் தமக்குள் சிறைபிடித்துக்கொண்டு கடலுக்குள் போகின்றன, அதனால் குளிர்ச்சுழல்களைவிடப் பச்சையாக இருக்கின்றன. சுழல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது பாதிக் கேள்வி. அது எந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பிறந்தது என்பது மீதிப் பாதி.

வலையில் வந்தது

படம் பார்ப்பது ஒரு வகை, கையில் பிடித்துப் பார்ப்பது இன்னொரு வகை. கடலியல் படிக்கிற ஒரு தம்பி ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரிகள் எடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். கோவளத்துக்கு நேரே, கரை கோடாகத் தெரிகிற தூரம். பிளாங்க்டன் வலை என்பது வாய் அகன்று வால் குறுகிய ஒரு துணிக்கூம்பு. வாலின் முனையில் சிறு குடுவை. விலங்கு மிதவை உயிரிகளுக்கு 200 மைக்ரான் கண்ணி, தாவர வகைக்கு அதைவிட மிக நுணுக்கமான கண்ணி. படகு ஊர்ந்து போக, வலை பின்னால் இழுபடும். தூக்கியதும் வெளிப்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, ஒட்டியிருப்பதையெல்லாம் குடுவைக்குள் இறக்குவார்கள்.

முதல் குடுவையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பழுப்பும் பச்சையும் கலந்த மங்கலான நீர், பாசி வாடை. உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளின, அவை கோபிபாட்கள். பிறகு ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு சொட்டை வைத்துக் காட்டினார். கீட்டோசெரஸ் என்ற டயாட்டத்தின் சங்கிலிகள் கண்ணாடி முட்களை இருபுறமும் நீட்டிக்கொண்டு கிடந்தன. முட்கள் பார்க்க அழகு, ஆனால் வேலை இருக்கிறது. எளிதில் மூழ்காமல் இருக்கவும், தின்ன வருபவருக்குத் தொண்டையில் சிக்கவும் அவை உதவுகின்றன. ஊசி மாதிரி ரைசோசொலினியா. வட்டமாக, உள்ளே பொன்பழுப்புப் பொட்டுகளோடு காசினோடிஸ்கஸ். ஒரு கோபிபாட்டின் உடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எண்ணெய்த் துளி தெளிவாகத் தெரிந்தது, அது அதன் சேமிப்பு. நெற்றியில் நீண்ட முள்ளோடு ஒரு நண்டுக் குஞ்சு. ஓரத்தில் ஒரு மீன் முட்டை, உள்ளே இரண்டு கரும்புள்ளிகள். கண்கள்! இதில் எதற்கும் நீரோட்டத்தை எதிர்த்துப் போகிற வலு கிடையாது. மேலேயும் கீழேயும் ஓரளவு நகரும், அவ்வளவுதான். எந்தக் கரைக்குப் போய்ச் சேரும் என்பது தண்ணீரின் கையில்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தோம். கொஞ்சம் தள்ளிக் கடலின் மேல் ஒரு நுரைக் கோடு, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பாசித் துண்டு, குச்சி, பிளாஸ்டிக் உறை எல்லாம் அந்தக் கோட்டில் சேர்ந்திருந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீர் கலங்கல் பச்சை, அந்தப் பக்கம் நீலம். படகு ஓட்டிய அண்ணன், "ரெண்டு தண்ணி முட்டுது" என்றார். அந்தப் பக்கம் இழுத்த வலையில் டயாட்டம் சங்கிலி மிகக் குறைவு, கண்ணாடி போன்ற உடம்பு கொண்ட சால்ப்கள் நிறைய. படகில் சில நிமிடத் தூரம், ஆனால் இரண்டு வெவ்வேறு உலகம்.

1961-இல் ஹட்சின்சன் என்ற உயிரியலாளர் ஒரு புதிரைப் போட்டார். ஒரே நீர், ஒரே வெளிச்சம், அதே சில சத்துகள். போட்டியில் ஒன்றிரண்டு வகைதானே மிஞ்ச வேண்டும், பிளாங்க்டனில் இத்தனை வகை எப்படி? அதற்கு இன்றுவரை பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, அந்த நுரைக் கோடு சொல்கிற பதில்தான். கடல் ஒரே நீர் இல்லை. 2010-இல் டொவிதியோ என்ற ஆய்வாளரும் குழுவினரும், பிரேசில் நீரோட்டமும் மால்வினாஸ் நீரோட்டமும் மோதுகிற தென் அட்லாண்டிக் பகுதியை எடுத்துக்கொண்டு, எந்தப் பிளாங்க்டன் வகை எங்கே மேலோங்கியிருக்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தார்கள். சுழல்களும் இழைகளும் நீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரலாற்றைக் கொடுக்கின்றன என்றும், அந்தத் துண்டுகள் பல நாள், வாரங்கள் கலையாமல் இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு வகை தலையெடுக்க வாய்ப்புக் கிடைக்கிறது என்றும் காட்டினார்கள். பிரிப்பதும் சுழல், பிறகு கலப்பதும் சுழல்.

தண்ணி மாறிடுச்சு

சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் கடலுக்குப் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். இடத்தைப் பற்றிப் பேசுவதைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வண்ணி. ஒரு காலைநேரம், வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஏண்ணே, இன்னைக்குப் போகலையா?" என்று கேட்டேன். "நேத்து தெண்டி. ராத்திரியே வண்ணி திரும்பிடுச்சு தம்பி. தண்ணி மாறிடுச்சுன்னா போன வாரம் பாத்த மீனு அங்கியே நிக்குமா?" என்றார். நண்பரின் வாக்கியத்துக்கு என்னிடம் இல்லாத பதில் அவரிடம் தயாராக இருந்தது. அவருடைய கணக்கில் கடலுக்கு நிரந்தரக் குணம் கிடையாது, இன்றைய தண்ணீருக்குத்தான் குணம்.

தெண்டி, வண்ணியை நாளுக்கு நாள் காற்றும் மாற்றும். ஆனால் பருவத்தோடு மாறுகிற பெரிய நீரோட்டமும் இந்தக் கரையில் உண்டு. பிப்ரவரி முதல் மே வரை அது வடக்கே ஓடும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே ஓடும். தெற்கே ஓடும்போது வடக்கத்தி ஆறுகளின் வெள்ளம் கரையை ஒட்டி இறங்கும். இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் நெருக்கமானது. கிழக்குக் கரை நெடுக ஊர் ஊராக மீனவர்கள் சில நாட்களுக்கு ஒருமுறை கடல் நீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் அதன் உப்பை அளந்தார்கள். 2014-இல் வெளிவந்த கட்டுரை, சுமார் 100 கிலோமீட்டர் அகலத்தில் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிற 'கடலுக்குள் ஓர் ஆறு' இருப்பதைக் காட்டியது. கங்கை முகத்தில் விழுந்த வெள்ளம் சுமார் இரண்டரை மாதத்தில் நாட்டின் தென்முனையை எட்டிவிடுகிறது. கப்பல் இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை. வெறும் பாட்டில்தான்.

பிளாங்க்டனைப் பற்றிய பொதுப் பேச்சு இந்தத் தெளிவுக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. அடுத்த மாதம் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. பூங்கோரை என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அப்போது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அந்த இடத்தில் என்ன கழிவு கலந்தது என்பது. அதைக் கேட்கத்தான் வேண்டும், கழிவுநீர் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்த ஒளிர்வுக்கும் பச்சைக்கும் காரணமான நாக்டிலூக்கா என்கிற மிதவை உயிரிக்கு நீந்தத் தெரியாது, மிதக்கத் தெரியும். உடம்பு இலேசானது என்பதால் மேலே வந்து, நீர் கூடுகிற கோடுகளில் குவிந்துவிடும். எங்கோ பரந்து விரிந்து பெருகியது, நீரோட்டமும் காற்றும் கூட்டிக் குவித்ததால் ஒரு கரையில் திடீரென்று கண்ணில் படலாம். பெருகியதும் குவிந்ததும் இரண்டு வேறு நிகழ்வுகள். இரண்டையும் பிரித்துக் கேட்காமல் பக்கத்து வடிகாலை மட்டும் பார்த்தால் பாதி விசாரணைதான் நடக்கும்.

மீன்கூட்டம் இருக்க வாய்ப்புள்ள இடங்களை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துச் சொல்லி வருகிறது. நல்ல சேவை, டீசலும் நேரமும் மிச்சமாகிறது. ஆனால் மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோளின் கண் மறைந்துவிடும். நம் கரைக்கு மிக முக்கியமான பருவமே மேகப் பருவம்தான். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் தென்மேற்கு மூலையில், அதாவது நமக்கு நேரே கிழக்கே, நடுக்கடலில் பச்சையம் பெருகுவதையும், புயல்கள் கடந்து போன தடத்தில் அது இன்னும் அடர்வதையும் 2003-லேயே வினயச்சந்திரனும் மேத்யூவும் எழுதிவிட்டார்கள். புயல்தான் அந்த நன்னீர் மூடியை உடைக்கிற வலு உள்ளது. ஏழைக் கடல் என்று பெயர் வாங்கிய கடல், மழை பெய்கிற அந்த மாதங்களில், நாம் பார்க்க முடியாத நேரத்தில் விளைகிறது. ஆழத்துக்குள் இறங்கி ஏறி அளக்கிற தானியங்கி மிதவைகள் இப்போது வந்துவிட்டன, அவற்றில் பச்சையம் அளக்கும் உணரிகளும் உண்டு. ஆனால் அவை ஆழ்கடலுக்கு. கரையை ஒட்டிய அந்த 100 கிலோமீட்டரில் அவற்றை நம்பி இருக்க முடியாது.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். உப்பு அளக்கப் பாட்டில் பிடித்துக் கொடுத்த அதே ஏற்பாட்டைப் பிளாங்க்டனுக்கும் செய்யலாம். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை, ஊருக்கு ஒரு படகு. ஒரு பாட்டில் கடல்நீர், அதில் லூகால் கரைசல் சில துளி விட்டால் செல்கள் கெடாமல் இருக்கும். பாட்டிலின் மேல் தேதி, கரையிலிருந்து தூரம், அன்றைக்குத் தெண்டியா வண்ணியா என்ற ஒரு வரி. எண்ணிப் பார்க்கக் கல்லூரிகளில் நுண்ணோக்கி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். கொண்டுவந்து கொடுப்பவருக்கு உரிய கூலியும், அந்த நீரில் என்ன இருந்தது என்ற தகவலும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அக்டோபரில், நீரோட்டம் தெற்கே திரும்பும்போது, முதல் பாட்டில் வந்துவிட்டால் நல்லது.